ரேவதி வரை

டிசம்பர் 17, புதன்

ஒப்பந்த வேலை எடுக்கும்போதெல்லாம் அன்றன்று என்ன மாற்றினேன் என்று எழுதி வைப்பது வழக்கம். பின்னால் யாராவது வந்து "இதை உடைத்தது யார்" என்று கேட்டால் பதில் கையில் இருக்கும். சொந்த விஷயங்களை இதில் எழுதுவதில்லை.

இடம் மதுரை, ஒரு பாத்திரக் கடையின் மாடி. கீழே நாள் முழுக்க எவர்சில்வரில் பெயர் வெட்டும் சத்தம். மாடியில் திருமணத் தகவல் மையம். நடத்துபவர் தெய்வநாயகி அம்மாள், அறுபத்தைந்து இருக்கும். கணவர் பெரிய நோட்டுகளில் எழுதி நடத்தியதை, அவர் போன பிறகு இந்த அம்மாள் இணையத்துக்குக் கொண்டுவந்து தென்மாவட்டம் முழுக்கப் பரப்பியிருக்கிறார். போன் எடுப்பது ஜெயக்கொடி. எனக்கு ஜன்னலோர மேஜை ஒதுக்கியிருக்கிறார்கள். மின்விசிறி என்னைத் தவிர எல்லோருக்கும் காற்று தருகிறது.

பிரச்சினை இதுதான். பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒத்துவரும் ஜாதகங்களைத் தேடி, பொருத்தம் பார்த்து, பட்டியலாக அடுக்கி, விடிவதற்குள் பெற்றோரின் போனுக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்வது இணையப் பக்கம் அல்ல, அதற்குப் பின்னால் ராத்திரியில் ஓடும் நான்கு புரோகிராம்கள். ஒர்க்கர் என்பார்கள். நான்கும் சர்வரின் நினைவகத்தைத் தின்று ஊதிக்கொண்டே போகின்றன. இடம் தீர்ந்ததும் சர்வர் அவற்றைக் கொன்றுவிடுகிறது. தெய்வநாயகி அம்மாள் சொன்னபடி, "ராத்திரி நல்லா ஓடுது, காலையில வந்து பார்த்தா செத்துக் கிடக்குது."

பெரிய சர்வர் எடுத்தால் என்ன என்று கேட்டேன். வீட்டில் சாமான் சேர்ந்துபோனால் வீட்டை மாற்றுவீர்களா, சாமானை ஒழிப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். ஒழிப்பேன் என்றேன். வேலை கிடைத்தது. தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். மார்கழியில் யாரும் வரன் பேச மாட்டார்கள், அதனால் இதுதான் கடையை மூடி வெள்ளையடிக்கும் காலம்.

ஆனால் ஒழிக்கக் கூடாத சாமான் ஒன்று உண்டு. யாருடைய பதிவையும் நீக்கக் கூடாது. அபசகுனமாம். கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தால் அதில் குங்குமம் வைத்து, அதன் பிறகே பதிவை மூடுவார்கள். பத்திரிகை வந்த தேதியைப் போடாமல் மூடும் பொத்தான் வேலை செய்யாது. குங்குமம் வைப்பது ஜெயக்கொடி. சுமங்கலி கைதான் வைக்க வேண்டுமாம், அதனால் தெய்வநாயகி அம்மாள் தொடுவதில்லை. கல்யாணம் முடிந்த சந்தோஷத்தில் தகவல் மையத்துக்குப் பத்திரிகை அனுப்ப யாருக்கு ஞாபகம் இருக்கும்? பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவர்களுக்கும் இங்கே இன்னமும் வரன் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 18, வியாழன்

நினைவகச் செலவின் கிராஃப் பார்த்தேன். மாலையில் ஏற ஆரம்பித்து விடியும்வரை ஏறுகிறது. இறக்கமே கிடையாது.

டிசம்பர் 20, சனி

ஒரு திருடன் அகப்பட்டான். நட்சத்திரப் பொருத்தம் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு விவரம் போதும். இந்த புரோகிராம் ஒருவரை எடுக்கும்போது அவருடைய போட்டோ, ஜாதகக் கட்டத்தின் படம், சம்பளச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வருகிறது. உப்பு வாங்கப் போனவன் மளிகைக் கடையையே வீட்டுக்குக் கொண்டுவருவது போல. வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லி மாற்றினேன். ஏற்றம் கொஞ்சம் குறைந்தது.

இதற்கு முன் இதைக் கவனித்துக்கொண்டிருந்த பையன் துபாய் போய்விட்டான். அவன் மேல் கோபமில்லை. நானும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினேன்.

காலையில் சங்கரவடிவு என்று ஓர் அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து போன் செய்தார். தினமும் செய்வாராம். மகளுக்கு ஏழெட்டு மாதமாகப் பட்டியலே வரவில்லை என்ற புகார். ஜெயக்கொடி மிகவும் பொறுமையாக, மீன ராசிக்கு ஏழரைச் சனி நடக்கிறது, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், சனிக்கிழமை எள் தீபம் போடுங்கள் என்றாள். சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள்.

அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

இரண்டாவது திருடன். ஒருவருக்கு வரன் தேடும்போது புரோகிராம் எதிர்ப்பாலில் உள்ள அத்தனை பேரையும் முதலில் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றி முடித்த பிறகுதான் சாதி பார்த்து, வயது பார்த்துத் தள்ளுகிறது. சாதியை முதலிலேயே பார்த்துவிட்டு ஏற்று என்று மாற்றினேன். நினைவகச் செலவு பாதியாகக் குறைந்தது. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு பலன் தந்த ஒற்றை மாற்றம் வேறில்லை, இதைப் பற்றி எந்த மேடையிலும் பேச முடியாது.

மாற்றத்தால் பொருத்தக் கணக்கு கெட்டுவிடவில்லையே என்று சோதிக்க வேண்டியிருந்தது. விடை முன்பே தெரிந்த ஜாதகங்கள் இருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜாதகங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் போட்டேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம், ரஜ்ஜு உண்டு, உத்தமம் என்று வந்தது. அன்று ஜோசியர் சொன்னதும் அதேதான். கணக்கு சரியாக வேலை செய்கிறது.

மதியம் ஜெயக்கொடி விடுப்பு. ஒரு பத்திரிகை வந்திருந்தது. நீங்கள் குங்குமம் வையுங்கள் என்றார் தெய்வநாயகி அம்மாள். சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, எழுந்தால் நின்றுவிடும் என்றேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். பெங்களூரில் இருக்கிறார் என்றேன். அவர் பெங்களூரில்தான் இருக்கிறார்.

டிசம்பர் 24, புதன்

இன்று கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

துபாய்ப் பையன் வேலைகளை நட்சத்திர வரிசையில் அடுக்கியிருக்கிறான். அசுவினியில் ஆரம்பித்து, பரணி, கார்த்திகை என்று கடைசியில் ரேவதி. பஞ்சாங்கத்தில் அப்படித்தானே இருக்கிறது, அவனுக்கும் அதுவே வசதியாக இருந்திருக்கும். ஒர்க்கர்கள் ஊதி ஊதி, அவிட்டத்தின் பாதியில் செத்துப்போகின்றன. காலை ஆறு மணிக்கு ஒரு கட்டளை வந்து அவற்றை எழுப்பி, வரிசையில் மிச்சமிருப்பதைத் துடைத்துவிட்டு, அன்றிரவு மறுபடி அசுவினியிலிருந்து தொடங்க வைக்கிறது. வரிசை காலியாக இருப்பதால் திரையில் "எல்லா வேலைகளும் முடிந்தன" என்று பச்சையாக வருகிறது. ஏழெட்டு மாதமாகப் பச்சைதான்.

அதாவது அவிட்டத்தின் பின்பாதி, சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதிக்காரர்கள் யாருக்கும் பட்டியல் போகவே இல்லை. ராசிக் கணக்கில் கும்பமும் மீனமும். இரண்டுக்கும் ஏழரைச் சனி. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் எள் தீபம் எரிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் கணக்கு திருக்கணிதம். அதன்படி மேஷத்துக்கும் ஏழரை தொடங்கிவிட்டது. ஆனால் அசுவினிக்காரர்களுக்கு ஒருநாள் தவறாமல் பட்டியல் போயிருக்கிறது. வரிசையில் முதலில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தால் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

தெய்வநாயகி அம்மாளிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, சரி பண்ணு, ஆனால் வெளியில் சொல்லாதே என்றார். கோளாறு என்று தெரிந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். யாராவது கேட்டால் ஜெயக்கொடி சொல்கிற மாதிரியே சனி என்று சொல்லிவிடு.

"எனக்குப் பொய் வராதும்மா" என்றேன்.

"வர வேண்டிய நேரத்துல வரும்" என்றார். எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெயக்கொடி சாப்பிடப் போயிருந்தாள். நான் எடுத்தேன். அருப்புக்கோட்டை சங்கரவடிவு. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு இருக்கிறது, அதனால்தான் பட்டியல் வரவில்லை, சரி செய்துகொண்டிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெய்வநாயகி அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனி எந்த ரூபத்துலயும் வருவான் தாயி" என்றது போன். "இப்ப உங்க கம்ப்யூட்டருக்குள்ள போயி உக்காந்துருக்கான்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே பேசினார். மகள் பெயர் அன்னலட்சுமி, முப்பத்து நாலு வயது, ரேவதி. நூற்பாலை ஆபீசில் கணக்கு வேலை. இத்தனை நாள் எந்த வரனும் வராததால் இப்போது தரகர் கொண்டுவந்த ஓர் இடத்துக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். தவமணி என்று பெயர், மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி இறந்து நாலு வருடம். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. தை ஒன்பதாம் தேதி பூ வைக்கப் போகிறார்கள்.

"ரெண்டாந்தாரமாக் குடுக்கணும்னு எனக்கு என்ன ஆசையா தாயி. வேற ஒண்ணும் வரலையே. வேற ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாக்கூட நான் இதுக்குச் சம்மதிச்சிருக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகு அன்னலட்சுமியின் பதிவைத் திறந்து பார்த்தேன். சோதனைக்காகத்தான். போட்டோவில் சிரிக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்த்து, முடிந்ததா என்று கேட்பது போல நிற்கிறாள்.

வேறு எதுவும் வராததால் ஒருத்தி ஓரிடத்தில் போய் உட்காரக் கூடாது. தைக்குள் என்று ஒப்பந்தம். ஒரு வாரம் முன்னதாகவே முடிக்கப் பார்க்கிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம். மூன்று வேளையும் ஓட்டலில்.

ஜனவரி 2, வெள்ளி

எல்லோரையும் ஒரே மூச்சில் ஏற்றாமல் நூறு நூறு பேராக எடுத்து, முடிந்தவர்களை விட்டுவிட்டு அடுத்த நூறை எடுக்கும்படி மாற்றினேன். பழைய பதிவுகளில் கைவைக்காமலே தப்பித்தேன். நேற்றிரவு முதல் முறையாகச் சதயம் வரை போனது. பூரட்டாதியில் செத்தது.

ஒர்க்கர்களிடம் ஒரு கெட்ட குணம். பெரிய பட்டியல் ஒன்றை PDF ஆக்கும்போது நிறைய இடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைச் சர்வரிடம் திருப்பித் தராது. மறுபடி தேவைப்படலாம் என்று கையிலேயே வைத்துக்கொள்ளும். கல்யாணம் முடிந்தும் மண்டபத்தைக் காலி செய்யாமல் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட சம்பந்தி மாதிரி. உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஆனால் அடுத்தவருக்கும் கிடைக்காது.

அண்ணன் மூன்று முறை போன் செய்திருந்தான். பிறகு ஒரு செய்தி: வழக்கு முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, அம்மா கேட்கிறாள், மறுபடி பார்க்கலாமா. பதில் அனுப்பவில்லை. பார்க்கலாமா என்றால் யார் பார்ப்பது என்று கேட்க நினைத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

இடத்தைத் திருப்பித் தராதவனிடம் கெஞ்சிப் பயனில்லை. PDF வேலையைத் தனி புரோகிராமாகப் பிரித்துவிட்டேன். பட்டியலைச் செய்யும், முடிந்ததும் தானே செத்துப்போகும். செத்தால் அதனிடமிருந்த இடம் முழுவதும் சர்வருக்குத் திரும்பிவிடும். மற்ற ஒர்க்கர்களும் சில நூறு வேலைக்கு ஒரு முறை தாமாக ஓய்வெடுத்துப் புதிதாகத் தொடங்கும்படி வைத்தேன். ஆறு மணிக்கு வரிசையைத் துடைக்கும் கட்டளையை எடுத்துவிட்டேன்.

சங்கரவடிவு அம்மாவின் போனை இப்போது ஜெயக்கொடி என்னிடமே தந்துவிடுகிறாள். பூ வைக்கிற சேலைக்குக் கலர் பார்க்கச் சொன்னால் அன்னம் எதுவானாலும் சரி என்கிறாள், பாவம், மனசுக்குள் என்ன வைத்திருக்கிறாளோ என்று வருத்தப்பட்டார். இந்த வார இறுதிக்குள் பட்டியல் வரும், அதுவரை எதையும் உறுதி செய்யாதீர்கள் என்றேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று யோசிக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

ரேவதி முடிந்தது. விடிவதற்கு வெகு முன்பே. நான்கு ஒர்க்கர்களும் உயிரோடு இருக்கின்றன.

கும்ப, மீன வீடுகளுக்கெல்லாம் ஏழெட்டு மாத நிலுவை ஒரே காலையில் போய்ச் சேர்ந்தது. போன் ஓயவில்லை. ஜெயக்கொடி எல்லோரிடமும் சனி விலகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையிடவில்லை. அன்னலட்சுமிக்கு நாற்பதுக்கும் மேல் வரன்கள். பாதிக்கு மேல் முதல் தாரம், அதில் ஓர் எஞ்சினியர், ஒரு வங்கிக்காரர். சங்கரவடிவு அம்மா பேசும்போது அழுதார். நீ நல்லா இருக்கணும் தாயி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சந்தோஷமாக இருந்தது. அபூர்வம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 10, சனி

கிராஃப் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

சங்கரவடிவு அம்மா: பட்டறைக்காரருக்கு முடியாது என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. பொங்கல் கழிந்து முதல் ஞாயிறு வங்கிக்காரர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அதற்கடுத்த ஞாயிறு எஞ்சினியர். அன்னம் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவள் என்ன சொல்வாள், சந்தோஷம்தான், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்றார்.

ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. பராமரிப்புக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி தெய்வநாயகி அம்மாள் கேட்டார். சரி என்றேன். வீட்டுக்கு ஒரு கரும்பு வாங்கிப் போனேன். தனி ஆளுக்கு எதற்கு முழுக் கரும்பு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

அன்னலட்சுமி வந்தாள்.

போட்டோவை வைத்து அடையாளம் தெரிந்துவிட்டது. பட்டியலின் அடியில் இருந்த முகவரியைப் பார்த்து, வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஜெயக்கொடி சாப்பிடப் போயிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தெய்வநாயகி அம்மாள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர சரி பண்ணினது நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டதாகவும் ஞாபகம்.

"அத மறுபடி கெடுக்க முடியுமாக்கா?"

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னாள். இருபத்து நாலு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் சேலை கட்டி, காப்பித் தட்டோடு போய் நிற்க வேண்டும். யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்கள் போய் போன் செய்யும்வரை அம்மா தூங்கமாட்டார். பிறகு திடீரென்று பட்டியல் நின்றது. அவள் ஆயுளில் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. ஆலை மோட்டார்களை எடுத்துப் போகவும் கொண்டுவரவும் தவமணி ஆபீசுக்கு வருவார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்தால் குழந்தையையும் கூட்டி வருவார். பில் போடும்வரை குழந்தை அன்னத்தின் மேஜையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதும்.

"தரகர்கிட்ட அவர் ஜாதகத்தக் குடுத்து எங்க வீட்டுக்கு அனுப்பச் சொன்னதே நான்தான்க்கா. அம்மாவுக்குத் தெரியாது. வேற ஒண்ணும் வரலைன்னுதான் அம்மா எறங்கி வந்தாங்க. ஏழெட்டு மாசமாச்சு அதுக்கு."

தரகர் கொண்டுவந்ததற்குத் தலையாட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளைக் காப்பாற்றத்தான் ஒரு வாரம் முன்னதாக முடித்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடலாமே என்றேன். கேட்கும்போதே முட்டாள்தனமாகத் தெரிந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா அந்த ஒரு காரணத்துக்கே வேண்டாம்பாங்க. அதுவும் இப்ப கையில நாப்பது பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரா பாத்து முடிக்கிறவரைக்கும் விடமாட்டாங்க. நேத்து பேங்க்காரர் வந்தாரு. பத்துக்கு ஒம்பது பொருத்தமாம். அம்மாவுக்குத் தரையில கால் நிக்கல."

"எனக்கும் ஒன்பதுதான் இருந்தது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். போன வருடம் கோர்ட்டில் முடிந்துவிட்டது என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

போகும்போது, நிச்சயமாகச் சொல்ல முடியாது, முயற்சி செய்கிறேன் என்றேன். அவள் போன பிறகு நெடுநேரம் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். கீழே யாருக்கோ பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒர்க்கர்களை மறுபடி கெடுப்பது எளிது. ஆனால் ஒருத்திக்காக ஆயிரம் வீட்டுப் பட்டியலை நிறுத்த முடியாது. மற்ற ரேவதிக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஒரு பதிவை மட்டும் மூடினேன். பத்திரிகை வந்த தேதி என்ற கட்டத்தில் இன்றைய தேதியைப் போட்டேன்.

ஜனவரி 21, புதன்

வழக்கமான நேரத்துக்குப் போன். ஜெயக்கொடி என்னிடம் நீட்டினாள். தெய்வநாயகி அம்மாள் கண்ணாடித் தடுப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சங்கரவடிவு அம்மாவின் குரல் கம்மியிருந்தது. இன்றைக்குப் பட்டியல் வரவில்லை. அதோடு வங்கிக்காரர் வீட்டில் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். எஞ்சினியர் போனையே எடுக்கவில்லை. மிச்சப் பேரும் பிடிகொடுக்கவில்லையாம். இதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

"மறுபடி கோளாறா தாயி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சரியாகும்வரை காத்திருப்பார். நாளை கேட்பார், நாளை மறுநாள் கேட்பார். எள் தீபத்தைவிட என் வேலை மேல் இப்போது அவருக்கு நம்பிக்கை அதிகம்.

"இல்லம்மா. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "சனிதான் இன்னும் முழுசா விடலை போல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. ஆச்சரியம், அது வருத்தப்பட்டு விட்ட மூச்சாகத் தெரியவில்லை. பத்து வருடமாகச் சுமந்ததைக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். "அப்ப நம்ம கையில என்ன இருக்கு. அந்தப் பட்டறைத் தம்பி நல்ல மாதிரிதான். வேண்டாம்னு சொல்லி அனுப்புனதுக்குக்கூட ஒரு வார்த்தை கடுத்துப் பேசல. தரகரக் கூப்புட்டுப் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தெய்வநாயகி அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 28, புதன்

அண்ணனுக்குப் போன் செய்தேன். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், எங்கேயும் பதிவு செய்ய வேண்டாம் என்றேன். சரி என்றான். இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் மார்கழியிலேயே எடுத்திருப்பேன்.

நினைவகம் சீராக இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

அருப்புக்கோட்டையிலிருந்து பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள். மாசியில் முகூர்த்தம். அன்னலட்சுமி, தவமணி. உள்ளே சங்கரவடிவு அம்மா கையால் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: கம்ப்யூட்டர் பாப்பாவும் அவசியம் வரவும்.

ஜெயக்கொடி மூடும் பொத்தானை அழுத்தினாள். இந்தப் பதிவு ஏற்கெனவே மூடப்பட்டுள்ளது, பத்திரிகை வந்த தேதி ஜனவரி 20 என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினாள். அதையே சொன்னது. இதென்னம்மா, பத்திரிகை இப்பதானே வருது என்று தெய்வநாயகி அம்மாளைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். பத்திரிகையைப் படித்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். மூடியது நான்தான் என்று நானே சொல்வதற்குள், "சரியாத்தான் இருக்கு, விடு" என்றார் ஜெயக்கொடியிடம்.

சாமி படத்துக்குக் கீழிருந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்தார். ஜெயக்கொடி வழக்கம்போல விரலை நீட்டினாள். அவர் கிண்ணத்தை அவளைத் தாண்டிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"நீ வை அரசி" என்றார்.

வைத்தேன்.